வெறும் தண்ணீர் என்ற சட்டம்

கோவில்பட்டியில் தண்ணீரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும், பெருமைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாகலாபுரத்துப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்த ஊர்ப் பருத்திக் குடோனில் மூட்டை தூக்கி, பிறகு ஒற்றை மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் விற்று, அதற்குப் பிறகு டிராக்டர், அதற்கும் பிறகு டேங்கர் லாரி என்று வந்தவன் நான். கோடையில் இங்கே எத்தனையோ கல்யாண வீட்டுச் சோறு என் தண்ணீரில் வெந்திருக்கிறது. ஆகவே, "வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள்" என்று எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டத்திலிருந்து சட்டம் வந்தபோது முதலில் சிரித்தவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அதுவரைக்கும் எங்களுக்குக் கோயில் என்றால் ஞாயிறு பூசை, வருசத்துக்கு ஒரு திருவிழா, கொடியேற்றம், சப்பரம், அதற்கு வரி. யார் முதல் மெழுகுவர்த்தி பிடிப்பது என்று சண்டை. அந்தச் சண்டையில் நான் தோற்றதில்லை. அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குச்சாமியார் பிரசங்கத்தில் புதிதாக ஒன்று சொன்னார். ஆயர், அதாவது பிஷப், மறைமாவட்டத்தையே புதுப்பிக்கப் போகிறாராம். குடும்பம், ஏழைகள், இளைஞர்கள் என்று முக்கியமான காரியங்களை வரிசைப்படுத்தி, எல்லாவற்றுக்கும் அடியில் அன்பியத்தை வைத்திருக்கிறாராம். அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து ஓர் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசித்து, மனசில் பட்டதைச் சொல்லி, அடுத்த வீட்டுக் கஷ்டத்தைக் கேட்க வேண்டும். "கோயிலைத் தேடி நீங்க வந்தது போதும், இனிமே கோயில் உங்க வீட்டைத் தேடி வரும்" என்றார் சாமியார்.

அவர் கடற்கரைப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. வெயில் என்று பார்க்காமல் பைக்கிலும் நடையிலும் தெருத் தெருவாக அலைந்து எங்களைப் பிரித்தார். எங்கள் அன்பியத்தில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கத்துத் தெருவும் வந்தது, அந்தப் பக்கத்து வீடுகளும் வந்தன. எங்கள் தெருவில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் உண்டு. வாசிக்கவும் எழுதவும் அவரை விட்டால் ஆளில்லை என்பது அவர் நினைப்பு. அவர் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்.

"சாமி, நடுவுல லைன் வருதே?"

"ரயில் வந்தா நின்னு போங்க சார்" என்றார் சாமியார்.

எல்லோரும் சிரித்தோம். அவர் கேட்டது ரயிலைப் பற்றி இல்லை என்பது சாமியாருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். லைனுக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து வீடுகளில் கை நனைப்பதில்லை. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லோர் தலையிலும் ஒரே தொட்டியிலிருந்துதான் விழுந்தது. குடிதண்ணீர் என்று வந்தால் கதை வேறு.

ஒவ்வோர் அன்பியத்துக்கும் மரத்தில் ஒரு சிலுவையும் ஒரு பைபிளும் மந்திரித்துக் கொடுத்தார்கள். கூட்டம் நடக்கிற வீட்டில் அந்தச் சிலுவை ஒரு வாரம் இருக்கும். வாரம் முடிந்ததும் அந்த வீட்டுக்காரர்களே அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைக்க வேண்டும்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. முதல் வீட்டில் சுக்குக் காபி. இரண்டாவது வீட்டில் காபியும் வடையும். மூன்றாவது வீட்டில் கேசரி. என் வீட்டு முறை வந்தபோது நான் சும்மா இருப்பேனா? அல்வா, மிக்சர், பால் கெட்டியாக ஊற்றின காபி. வாத்தியார் அல்வாவைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கும் கொண்டு போனார். அதற்கடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த வீட்டில், "கழுகுமலையில சொந்தக்காரங்க வீட்ல விசேசம்" என்றார்கள். தீப்பெட்டிக் கம்பெனிக் கூலியை வைத்துக்கொண்டு அல்வாவோடு போட்டி போட முடியுமா? எல்லா ஊரிலும் இதே கதைதானாம். ஆகவே சட்டம் போட்டுவிட்டார்கள். அன்பியக் கூட்டத்தில் தண்ணீர் தவிர வேறொன்றும் கொடுக்கக் கூடாது.

நான் ஏன் சிரித்தேன் என்று சொல்கிறேன். அந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் ஆற்றங்கரை ஊரில் உட்கார்ந்து போட்டார்கள். அங்கே தண்ணீர் என்பது ஒன்றுமில்லாத பொருள். எங்கள் கரிசல் காட்டிலோ, சித்திரை மாதம் காபி கொடுப்பது லேசு, நல்ல தண்ணீர் கொடுப்பதுதான் கஷ்டம். பைப்பில் எப்போது வரும் என்பது ஆண்டவருக்கும் வால்வு திறக்கிற ஆளுக்கும் மட்டும் வெளிச்சம். காபியை அரை டம்ளரில் முடித்துவிடலாம். வெயிலில் வந்தவனுக்குத் தண்ணீரை அரை டம்ளர் கொடுத்துப் பாருங்கள். ஏழைகளுக்கு லேசாக இருக்கட்டும் என்று நல்ல மனசோடு போட்ட சட்டம், எங்கள் ஊரில் ஏழைகளின் குடத்தில் போய்க் கைவைத்தது.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பக்கம் இருந்தது. அதைப் போட்டவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள், தண்ணீரிலேயே வாழ்கிற எனக்கும் பிறகுதான் உறைத்தது. காபியை வேண்டாம் என்று சொல்ல ஆயிரம் வழி உண்டு. சுகர் இருக்கு, பித்தம், இப்போதான் குடிச்சேன். தவக்காலமாக இருந்தால் ஒருசந்தி விரதம் என்று சொல்லிவிடலாம். பச்சைத் தண்ணீரை என்ன சொல்லி வேண்டாம் என்பது?

முதல் சுற்றில் சிலுவை லைனைத் தாண்டவில்லை. இருட்டில் வயசானவர்கள் தண்டவாளத்தில் தடுக்கி விழுவார்கள் என்று வாத்தியார் வரிசையை இந்தப் பக்கத்தோடு முடித்து, மறுபடி முதல் வீட்டில் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்து வாசலோரம் உட்கார்ந்து செபம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தண்டவாளம் தடுக்காது போலிருக்கிறது. இரண்டாவது சுற்றில் என்னைத் தலைவராக்கினார்கள். படிக்காதவனைத் தலைவராக்கியதில் வாத்தியாருக்கு வருத்தம்தான். குரல் பெரிசாக இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு?

தலைவரான கொஞ்ச நாளில், காலையில் லாரி கிளம்புகிற நேரத்துக்கு ஒரு பெண் என் வீட்டு கேட்டில் வந்து நின்றாள். லைனுக்கு அந்தப் பக்கம். தீப்பெட்டிக் கம்பெனியில் கட்டை அடுக்குகிறவள், அதாவது தீக்குச்சிகளை மரச்சட்டத்தில் வரிசையாகச் செருகுகிறவள். அவள் புருசனும் நானும் ஒரு காலத்தில் குடோனில் சேர்ந்து மூட்டை தூக்கினவர்கள். பிற்பாடு அவன் லாரி மேலிருந்து விழுந்து இடுப்பு போய், கட்டிலோடு கிடந்தான்.

"அண்ணாச்சி, சிலுவை எங்க வீட்டுக்கு எப்ப வரும்?"

"வரிசைப்படி வரும் தாயி."

"வரிசை போன தடவை எங்க வீட்டுக்கு இங்கிட்டே திரும்பிட்டுல்லா? நான் எனக்காகக் கேக்கல. அவிய கேக்காவ. ஞாயித்துக்கிழமை கோயில் மணி அடிச்சா செவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிடுதாவ. சிலுவை ஒரு வாரம் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தாப் போதும்ங்காவ."

"வச்சிருவோம். அடுத்த வரிசையில உன் வீடுதான்."

அவள் போகவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அவியளுக்கு அது போதும். எனக்குப் போதாது. வாரவுக தண்ணி குடிச்சிட்டுப் போகணும். அவிய கண்ணு முன்னால குடிக்காம எந்திரிச்சுப் போனாகன்னா, பெறகு நான் எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டேன். கோயிலுக்கும் வருவேனான்னு தெரியாது. முன்கூட்டியே சொல்லிப்புட்டேன்."

நான் பெரிய மனுசனாகச் சொன்னேன். "கவலையை விடு. ஒரு டேங்கர் கொண்டுவந்து நிப்பாட்டுதேன். ஊரே குடிக்கலாம்."

"வேண்டாம் அண்ணாச்சி. அண்ணாச்சி தண்ணியைக் குடிச்சோம்னு போவாக. எங்க வீட்டுத் தண்ணியைக் குடிக்கணும்."

இந்த ஊரில் என் தண்ணீரை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். கோபம் வர வேண்டிய எனக்கு ஏனோ வரவில்லை. அன்றைக்கு முழுவதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதையே யோசித்தேன்.

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவருக்குக் கண்ணெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. "அருமையான வாய்ப்பு அண்ணாச்சி! கிணத்தடியில, ஒதுக்கி வச்ச இனத்துப் பெண் ஒருத்திகிட்ட ஆண்டவர் தண்ணி கேட்டாரே, அன்னிக்கு அந்த வாசகத்தை வச்சுக்கிடுவோம். நானே வந்து விளக்கம் சொல்லுதேன்."

எனக்கும் அது பெரிய யோசனையாகத்தான் பட்டது. லைனைத் தாண்டிப் போய் அவளிடம் சொன்னேன். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கட்டைச் சட்டத்தைத் தட்டி நேராக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"அந்த வாசகம் வேண்டாம்னு சாமிகிட்டச் சொல்லுங்க. அதைக் கேட்டுட்டுக் குடிச்சாகன்னா, வாசகத்துக்காகக் குடிச்சதா ஆயிரும். தாகத்துக்குக் குடிக்கட்டும். அன்னிக்கு வரிசையில எது வருதோ, அதை வாசிங்க."

உள்ளே கட்டிலிலிருந்து அவள் புருசன் குரல் கொடுத்தான். "அண்ணாச்சி, அவகிட்டப் பேசி செயிக்க முடியாது. நான் நடக்கிற காலத்துலயே முடியல. இப்பப் படுத்துக்கிட்டா முடியப் போகுது?"

வரிசையில் என்ன வந்தது தெரியுமா? ஆண்டவருடைய வம்ச வரலாறு. இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இன்னார் மகன் என்று பேர் பேராகப் போகும் பகுதி. சாமியார் நெற்றியைத் தடவிக்கொண்டார். "சரி, ஆண்டவர் விட்ட வழி" என்றார்.

கூட்டத்தன்று சாயங்காலம் என் வீட்டிலேயே முதல் பேச்சு தொடங்கிவிட்டது. என் மனைவி பக்தியான பெண். செபமாலை அவள் கையில் இருந்தால் நேரம் போவது தெரியாது. சேலையை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

"நான் வாரேன். செபம் சொல்லுதேன். பாட்டும் படிக்கேன். வேற எதுவும் என்கிட்டக் கேக்கக் கூடாது."

"நான் என்ன கேட்டேன்?"

"கேக்கல. கேக்கக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

தலைவர் வீட்டம்மா குடிக்காவிட்டால் தெருவில் பாதிப் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியும். ஊருக்கே கட்டளை போடுகிறவன்தான். வீட்டுக்குள் அது செல்லாது என்று கல்யாணமான எல்லோருக்கும் தெரியும். டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தண்டவாளத்தில் யாரும் தடுக்கி விழவில்லை. நினைத்ததைவிட நிறையப் பேர் வந்திருந்தார்கள். செபத்துக்கு வந்தவர்களும் உண்டு, என்ன நடக்கும் என்று பார்க்க வந்தவர்களும் உண்டு. சின்ன வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வெயில் இறங்கிய பிறகும் கூரை இறங்கவில்லை, பகலெல்லாம் குடித்த சூட்டைத் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தது. போதாக்குறைக்குக் கரண்டும் போய்விட்டது. கட்டிலோரம் ஸ்டூலில் சிலுவை, ஒரு மெழுகுவர்த்தி. கட்டிலில் அவன், சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணையில் சாய்ந்திருந்தான். மூலையில் ஈரத்துணி சுற்றிய மண்பானை. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. அவ்வளவு தண்ணீரை எத்தனை நாளாகச் சேர்த்தாளோ.

வாத்தியார் கையோடு ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டு வந்திருந்தார். கடையில் விற்கிற பாட்டில் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்து பழகிக்கொண்டிருந்தது. "டாக்டர் பாட்டில் தண்ணிதான் குடிக்கச் சொல்லியிருக்கார்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அதைக் கேட்ட அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டேன்.

வாசகம் வாசிப்பது வாத்தியார் வேலை. ஆரம்பித்தார். பேர், பேர், பேர். வாயில் நுழையாத பேர்களையெல்லாம் திருத்தமாக உச்சரிக்க வேண்டும் என்பதில் அவருக்குக் கவுரவம். இரண்டு பெயருக்கு ஒரு மடக்கு என்று பாட்டிலைச் சாய்த்தார். அரசர்கள் காலம் முடிவதற்குள் பாட்டில் முடிந்துவிட்டது. பாதி வம்சம் இன்னும் மிச்சம். வேர்வை கண்ணாடியில் சொட்டியது. குரல் கம்மியது. ஒரு பேரை எடுத்தார், இருமினார். மறுபடி எடுத்தார், மறுபடி இருமினார். சாமியார் வாங்கி வாசிக்கக் கையை நீட்டினார், வாத்தியார் விடவில்லை. கடைசியில் பைபிளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஏம்மா... கொஞ்சம் தண்ணி குடேன்."

அவள் எழுந்து மொண்டு கொடுத்தாள். வாத்தியார் அண்ணாந்து மடமடவென்று குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நீட்டினார். அவள் இரண்டாவது முறை ஊற்றினாள். குடித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் விட்ட பேரிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு கேட்ட பேர்கள் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது, எல்லோர் கண்ணும் பானையில் இருந்தது.

செபம் முடிந்தது. அவள் தட்டில் டம்ளர்களை வைத்துக்கொண்டு வந்தாள். முதலில் நான் எடுத்தேன், முதலாவதாக நிற்பது எனக்குப் புதிதா என்ன? சாமியார் குடித்தார். எங்கள் தெரு ஆண்கள் குடித்தார்கள். பெண்கள் பக்கம் போனாள். முதலில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி.

"எனக்குத் தாகம் இல்ல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் எல்லாம் கேட்கும். பின்னால் இருந்த பெண்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். தட்டைப் பிடித்தவள் நகரவில்லை, வற்புறுத்தவும் இல்லை. நின்றாள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பஞ்சாயத்துப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு என் காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"மதினி."

அதுவரை அவன் என் மனைவியை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

"மதினி, குடோன்ல நானும் அண்ணாச்சியும் ஒரே மூட்டைக்கு ரெண்டு பக்கம். குடிக்கிறது ஒரே செம்பு. அண்ணாந்து குடிக்கவெல்லாம் மேஸ்திரி நேரம் தரமாட்டான், வாய் வச்சுதான். அந்த வாயோட வந்துதான் உங்களுக்குத் தாலி கட்டினாரு. இனிமே பாத்து என்ன செய்ய?"

சாமியார்தான் முதலில் சிரித்தார், அடக்கப் பார்த்து முடியாமல். வாத்தியாருக்குப் புரையேறிவிட்டது. வீடே சிரித்தது. என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். மூட்டை, மாட்டு வண்டி, டிராக்டர், லாரி என்று எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். அந்தச் செம்பு மட்டும் என் கதையில் வந்ததே இல்லை.

என் மனைவி அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இத்தனை வருசமா இதைச் சொன்னீயளா?"

"நீ கேக்கலயே."

"கேக்கணுமா இதை?" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு டம்ளரை வெடுக்கென்று எடுத்தாள். பாதியில் நிறுத்தவில்லை. முழுவதும் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கரிக்கு."

தட்டைப் பிடித்திருந்தவள் சும்மா விடவில்லை. "உங்க லாரித் தண்ணியும் இப்பிடித்தான் மதினி கரிக்கும். ஊரெல்லாம் சொல்லுது. அண்ணாச்சி காதுல யாரும் போடமாட்டாக."

பெண்கள் பக்கம் மறுபடி சிரிப்பு. டம்ளர்கள் கைமாறத் தொடங்கின. பானை காலியான பிறகும் இரண்டு பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குடம் வந்தது. என் தண்ணீர் கரிக்கும் என்று என் முகத்துக்கு எதிரே சொன்னதை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் சிலுவை அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. அவன் எழுந்து நடந்தான் என்றெல்லாம் எழுத ஆசைதான், நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தபோது சுவரைப் பார்த்துத் திரும்பவில்லை என்று அவள் சொன்னாள். எல்லோரும் திருந்திவிட்டோம் என்றும் எழுத முடியாது. எங்கள் தெருவில் இரண்டு குடும்பங்கள், தூரம் என்று சொல்லி வேறு அன்பியத்துக்கு மாறிக்கொண்டன. பின்னொரு நாள் ஆயர் எங்கள் பங்கைப் பார்க்க வந்தபோது, அன்பியத்தால் என்ன பலன் என்று கேட்டார். வாத்தியார் எழுந்து கூட்டங்கள் ஒழுங்காக நடப்பதைப் பற்றி அழகாகப் பேசினார். பெரிய திட்டங்களைப் பற்றிக் கேட்கிறவரிடம், ஒருத்தி டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கரிக்கு என்றாள், அதுதான் பலன் என்று எப்படிச் சொல்வது? தாகம் இல்லாதவள் குறை சொல்ல மாட்டாள். குறை சொல்கிறவள் அந்த வீட்டு மனுசியாகிவிட்டாள். இதை விளக்க எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்பு பற்றவில்லை.

சிலுவை அடுத்து வர வேண்டியது என் வீட்டுக்கு. வாரம் முடிந்த அன்று, கம்பெனி விட்டதும் அவளே சிலுவையைத் துண்டில் பொதிந்து தூக்கிக்கொண்டு வந்தாள். முன்னெல்லாம் கேட்டில் நின்று கூப்பிடுகிறவள், அன்றும் கேட்டிலேயே நின்றாள். என் மனைவி வெளியே போனாள்.

"சிலுவையத் தூக்கிக்கிட்டு ரோட்டுலயா நிப்பாக? உள்ள வா."

இரண்டு பேருமாக நடுவீட்டில் மேசையில் வைத்தார்கள். அவள் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இரு. காபி போடுதேன்."

"அன்பியத்துல காபி கிடையாதுல்லா மதினி? வெறும் தண்ணிதான சட்டம்?"

"கூட்டம் அடுத்த வாரம்தான. அன்னிக்குத் தண்ணி தாரேன். இன்னிக்கு உக்காரு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் சாய்வு நாற்காலியில் இருந்தபடி அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாத்திரத்தில் வரும் என்பதுதான் எனக்குக் கவலை. பால் பொங்கும் வாசனை வந்தது. என் மனைவி வந்தாள். என் பேர் வெட்டிய பெரிய டம்ளர் ஒன்று உண்டு, முதல் லாரி வாங்கியபோது நானே எனக்கு வாங்கியது. அதில் வேறு யாருக்கும் அவள் ஊற்றிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு எனக்குக் காபி வேறு டம்ளரில் வந்தது.